கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் 52 டிகிரி

படம் ஓடிக்கொண்டிருந்தபோது பாதியில் சத்தம் மட்டும் நின்றுபோனது. திரையில் ஆள் வாயசைக்கிறார், ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. டிவி ஸ்டாண்டின் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். அனல் காற்று முகத்தில் அடித்தது. உள்ளே இருந்த ரிசீவரின் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) முகப்பில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. மேல்மூடியில் கை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். கதவைத் திறந்து போட்டு 20 நிமிடம் விட்டுவிட்டு மறுபடி ஆன் செய்தால், எதுவுமே நடக்காதது போல வேலை செய்தது.

இரண்டு நாள் கழித்து, ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரின் ஒயர் முனையை உள்ளே தொங்கவிட்டுக் கதவை மூடினேன். அறையில் 31 டிகிரி. இரண்டு மணி நேரத்தில் ஸ்டாண்டுக்குள் 52. கதவை முழுசாகத் திறந்து வைத்ததும் அரை மணியில் 39-க்கு இறங்கிவிட்டது. அதே ரிசீவர், அதே படம், அதே வால்யூம். நடுவில் வந்துபோனது ஒரு கண்ணாடிக் கதவு மட்டும்.

அந்த 13 டிகிரியில்தான் விஷயமே இருக்கிறது. டிவி, ரிசீவர், செட்டாப் பாக்ஸ், கேம் கன்சோல், ப்ரொஜெக்டர் எதுவானாலும் சூடாகாமல் ஓடாது. சூடாவது அதன் இயல்பு. அந்தச் சூடு வெளியே போகிற வழியை அடைத்து வைப்பது பெரும்பாலும் நாம் செய்யும் வேலை. அதுவும் அழகுக்காக, தூசிக்காக, குழந்தைகள் கை வைப்பார்கள் என்பதற்காக.

வாங்கிய மின்சாரம் எங்கே போகிறது?

ஒரு செட்டாப் பாக்ஸ் 15 வாட் எடுக்கிறது என்றால் அந்த 15 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் முடியும். சேனல் மாற்றுவது, சிக்னலைப் பிரிப்பது, படமாக்குவது என்று உள்ளே எவ்வளவு வேலை நடந்தாலும் சரி. டிவியில் ஒரு பங்கு ஒளியாக வெளியே வரும். ஸ்பீக்கரில் இன்னும் மோசம்: வீட்டில் வைக்கும் சாதாரண ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சாரத்தில் சுமார் 1 சதவீதத்தைத்தான் ஒலியாக மாற்றும். மிச்சம் அதன் காயிலைச் சூடாக்கிவிட்டுப் போகும்.

ரிசீவருக்குள் ஒலியைப் பெருக்கும் பகுதிதான் ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப். அதில் பல வகுப்புகள் உண்டு. பழைய பாணி 'ஏ' வகுப்பு ஆம்ப், ஏட்டுக் கணக்குப்படியே 50 சதவீதத்துக்கு மேல் திறன் காட்டாது. வீட்டு ரிசீவர்களில் அதிகம் இருக்கும் 'ஏபி' வகுப்புக்கு உச்சவரம்பு 78.5 சதவீதம். அதுவும் முழுச் சத்தத்தில் ஓடும்போதுதான். நாம் கேட்கிற சத்தத்தில் ஸ்பீக்கருக்குப் போவது பெரும்பாலும் ஓரிரு வாட்தான். ஆனால் டிரான்சிஸ்டர்கள் எப்போதும் கொஞ்சம் கரண்ட்டை ஓடவிட்டபடி தயார் நிலையில் நிற்க வேண்டும். அதனால் பல ஸ்பீக்கர்களுக்கு ஒலி தரும் ரிசீவர் ஒன்றை ஆன் செய்து, சத்தமே இல்லாமல் விட்டாலும் 50 வாட்டுக்கு மேல் எடுப்பது சாதாரணம். 'டி' வகுப்பு ஆம்ப்கள் 90 சதவீதம் வரை போகும். மெல்லிய சவுண்ட்பார்கள் சாத்தியமானதற்கு அதுவும் ஒரு காரணம். கேம் கன்சோல் தனி ரகம். இப்போது வரும் பெரிய கன்சோல்கள் கனமான கேம் ஓடும்போது 200 வாட் அளவுக்கு எடுக்கின்றன. அந்த 200 வாட்டும் ஒரு பிரியாணிப் பாத்திர அளவுப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தாக வேண்டும்.

சரி, இதை மூடிய தட்டுக்குள் வைத்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், 40 செ.மீ. உயரம் என்று ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் காற்று வெறும் 130 கிராம்தான். ஒரு கிலோ காற்றை 1 டிகிரி சூடாக்க சுமார் 1,000 ஜூல் வேண்டும். இந்த 130 கிராமுக்கு 130 ஜூல் போதும். உள்ளே 150 வாட் எடுக்கிற கருவி இருந்தால் அது நொடிக்கு 150 ஜூல் கொட்டுகிறது. அதாவது, வெப்பம் முழுக்கக் காற்றிலேயே தங்கினால் நொடிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறும்.

நல்லவேளை, அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. கருவியின் உலோகம், பலகை, கண்ணாடி எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆனால் கடைசியில் எந்த டிகிரியில் போய் நிற்கும் என்பது, பலகை வழியாக எவ்வளவு வெப்பம் கசிகிறது என்பதைப் பொறுத்தது. பார்ட்டிகிள் போர்டும் பிளைவுட்டும் வெப்பத்தை எளிதில் கடத்தாது. நாலு பக்கமும் அடைத்த அந்தத் தட்டுக்குள் 150 வாட் தொடர்ந்து ஓடினால், உள்ளே அறையைவிட 30 முதல் 40 டிகிரி வரை கூடிவிடும். அறை 30 என்றால் உள்ளே 60-ஐத் தாண்டலாம். என் ஸ்டாண்டில் 52-ஓடு நின்றதற்குக் காரணம், என் ரிசீவர் அவ்வளவு மின்சாரம் எடுப்பதில்லை என்பதும், ஒயர் போவதற்காகப் பின்பக்கம் இருந்த ஒரு ஓட்டையும்தான்.

பயன்படுத்தும் கையேட்டில் 'இயங்கும் வெப்பநிலை' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் உச்சவரம்பு 35 அல்லது 40 டிகிரி. இது அறையின் வெப்பநிலை என்றுதான் எல்லோரும் படிக்கிறோம். கருவிக்கு அப்படி ஒரு அறை இருப்பதே தெரியாது. தன்னைச் சுற்றி ஒரு சாண் தூரத்தில் இருக்கும் காற்றுதான் அதற்கு அறை. ஏசி போட்டு 24 டிகிரியில் நாம் போர்வைக்குள் இருக்கும்போது, மூடிய கதவுக்குள் அது 45-இல் வெந்துகொண்டிருக்கலாம். ஏசி உதவாது என்று சொல்ல மாட்டேன். ஆரம்பப் புள்ளி இறங்குவதால் உள்ளேயும் அதே அளவு இறங்கும். ஆனால் கதவு செய்கிற கெடுதலை ஏசி சரிக்கட்டுவது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

உடனே சாகாது, அதுதான் பிரச்சினை

அன்று படத்தின் பாதியில் ரிசீவர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது நல்ல விஷயம். அந்தப் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் போயிருக்கும். ஆனால் பெரும்பாலான கருவிகள் அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. அதற்குக் கொஞ்சம் கீழேயே வருடக்கணக்கில் ஓடும். ஐந்தாம் வருடம் ஒருநாள் ஆன் ஆகாது. 'கரண்ட் ஏற்ற இறக்கம்', 'இப்ப வர்ற பொருளெல்லாம் இப்படித்தான்' என்று பேசிவிட்டுப் புதுசு வாங்குவோம். ஐந்து வருடம் அடைபட்டுக் கிடந்த சூட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை.

முதல் பலி பெரும்பாலும் கெப்பாசிட்டர். பவர் சப்ளை போர்டில் சின்ன உருளை உருளையாக நிற்குமே, அவைதான். அவற்றுக்குள் எலக்ட்ரோலைட் என்ற திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெதுவாக ஆவியாகிக் கசிந்து போய்விடும். ஒவ்வொரு கெப்பாசிட்டரின் மேலும் 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள். உடன் வரும் விவரத்தாளில் அந்த வெப்பநிலையில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதும் இருக்கும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்பது சாதாரண ரகம். 2,000 மணி என்றதும் பயப்பட வேண்டாம். வெப்பநிலை 10 டிகிரி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. இதன் வேர் ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வான்டே அர்ரீனியஸ் 1889-இல் தந்த சமன்பாட்டில் இருக்கிறது: சூடு கூடக்கூட வேதிவினைகள் மடங்கு மடங்காக வேகமெடுக்கும்.

அந்தக் கணக்கை நம் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். கெப்பாசிட்டர் இருக்கும் இடத்தில் 65 டிகிரி என்றால், 105-லிருந்து 40 டிகிரி குறைவு. நான்கு முறை இரட்டிப்பு. 32,000 மணி நேரம். தினம் 8 மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 11 வருடம். அதே இடம் 75 டிகிரி என்றால் 16,000 மணி நேரம், அதாவது ஐந்தரை வருடம். வித்தியாசம் வெறும் 10 டிகிரி. என் ஸ்டாண்டின் கதவு திறப்பதிலும் மூடுவதிலும் கிடைத்தது 13. இது ஜோசியம் இல்லை. இதே தேதியில் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை.

சாகும் முன் கெப்பாசிட்டர் குறிப்புக் கொடுக்கும். டிவி ஆன் ஆக வழக்கத்தைவிட நேரம் எடுக்கும். 'டிக், டிக்' என்று ரிலே (உள்ளே இருக்கும் தானியங்கி சுவிட்ச்) முயன்று முயன்று ஓயும். உள்ளே திறந்து பார்த்தால், தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருக்கும். காய்ந்த கெப்பாசிட்டரின் உள்தடை கூடும். தடை கூடினால் அதுவே இன்னும் சூடாகும். சூடானால் இன்னும் காயும். ஆரம்பத்தில் மெதுவாகப் போவது கடைசியில் சட்டென்று முடிவதற்குக் காரணம் இந்தச் சுழல்தான்.

இரண்டாவது பலி சால்டர் இணைப்புகள், அதாவது உலோகத்தை உருக்கி ஒட்டிய இணைப்புகள். இங்கே சூட்டைவிட, சூடாகிச் சூடாகி ஆறுவதுதான் வில்லன். சிலிக்கான் சில்லு சூடானால் விரிவது மிகக் குறைவு: ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 3 பங்கு. அது உட்கார்ந்திருக்கும் சர்க்யூட் போர்டு ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் விரியும். நடுவில் இருவரையும் பிடித்துக்கொண்டிருப்பவை குண்டூசித் தலை அளவுகூட இல்லாத சால்டர் உருண்டைகள். ஆன் செய்யும்போது ஒரு இழுப்பு, ஆஃப் செய்து ஆறும்போது எதிர்ப்பக்கம் ஒரு இழுப்பு. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகுமோ அதுதான்.

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் எக்ஸ்பாக்ஸ் 360. 2005 நவம்பரில் விற்பனைக்கு வந்த கன்சோல். முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்து செத்துப்போன கன்சோல்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போனதால், 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கான உத்தரவாதத்தை 3 வருடமாக நீட்டியது. அதற்காக ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கு மேல். ஆன்-ஆஃப் செய்யும்போது ஏற்படும் வெப்ப ஏற்ற இறக்கத்தில் சில்லின் உள்ளே இருக்கும் இணைப்புகள் முறிந்ததே காரணம் என்று 2021-இல் அந்த நிறுவனமே விளக்கியது. அந்தக் காலத்தில் செத்த கன்சோலைத் துண்டில் சுற்றி, ஆன் செய்து, வேண்டுமென்றே வேக விடும் வைத்தியம் ஒன்று உலகம் முழுக்கப் பரவியிருந்தது. சில நேரம் உயிரும் வந்தது. முறிந்த இணைப்பு விரிந்து தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். சில நாளில் திரும்பப் போய்விடும். அந்தப் பாடத்துக்குப் பிறகு 2013-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன், பழைய வீடியோ ரெக்கார்டர் மாதிரி பெரிய பெட்டியாக, பெரிய ஃபேனோடு வந்தது. 2020-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கோபுரம் மாதிரி நிற்பதும், உச்சியில் ஒரே ஒரு பெரிய ஃபேன் இருப்பதும் சூட்டை மனதில் வைத்துத்தான். அதே வருடம் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் சில்லுக்கும் ஹீட் சிங்க்குக்கும் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகள்) நடுவில் திரவ உலோகத்தையே வைத்தார்கள்.

சூடு தாங்காதபோது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இப்போது எல்லாவற்றிலும் உண்டு. அதனால் கருவி சாகாது, ஆனால் மெனு நகர நேரமெடுக்கும், படம் திக்கும். 'நெட் ஸ்லோ' என்று ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

காற்றுக்கு இரண்டு வாசல்

சூடான காற்று மேலே போகும். பள்ளிக்கூடத்துப் பாடம். ஆனால் அது மேலே போக வேண்டுமானால் கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வந்தாக வேண்டும் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். ரிசீவரைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கமும் மேல்மூடியிலும் வரிவரியாகத் துளைகள் இருக்கும். நான்கு ரப்பர் கால்கள் அதைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியிருக்கும். அடித்துளையில் காற்று புகுந்து, ஹீட் சிங்க் வழியே ஏறி, மேல் துளையில் வெளியேற வேண்டும். மேலே ஒரு செட்டாப் பாக்ஸை வைத்தால் புகைபோக்கியின் வாயில் மூடி போட்டது போல. கார்ப்பெட் மேலோ மெத்தை மேலோ வைத்தால் கால்கள் அமுங்கி, கீழ் வாசல் அடைபடும்.

ஸ்டாண்டுக்கும் இதே கதைதான். முன்கதவைத் திறந்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். முன்பக்கம் மட்டும் திறந்த தட்டிலும் சூடான காற்று மேல் மூலையில் தேங்கி நிற்கும். அதை வெளியே விட எளிய வழி, பின்பக்கம் அடித்திருக்கும் மெல்லிய ஹார்ட்போர்டை வெட்டி எடுப்பது. அது பெரும்பாலும் ஒயரையும் சுவரையும் மறைக்கத்தான் இருக்கிறது. முழுசாக எடுத்தால் சில ஸ்டாண்டுகள் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். அதனால் ஓரத்தில் நாலு விரல் விட்டு நடுவில் மட்டும் வெட்டுவது நல்லது. மேல் விளிம்பை ஒட்டி ஒரு நீளத் திறப்பு, கீழ் விளிம்பை ஒட்டி இன்னொன்று என்று வெட்டினால் காற்று தானாகவே ஓட ஆரம்பிக்கும். ஸ்டாண்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். திறப்பைச் சுவரே மூடிவிட்டால் வெட்டி என்ன பயன்?

எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கேட்டால், கையேட்டில் எழுதியிருப்பதுதான் முதல் பதில். கையேடு கிடைக்காவிட்டால், ரிசீவருக்கு மேலே 15 செ.மீ., பக்கங்களிலும் பின்னாலும் 10 செ.மீ. என்று நான் வைத்துக்கொள்கிறேன். அதிகமாகத் தெரியும். ஸ்டாண்டு செய்கிறவர்கள் யாரும் இதை நினைத்துச் செய்வதில்லை என்பதுதான் என் குறை. கருவியின் முகம் சரியாகப் பொருந்துகிற தட்டைத்தான் அழகு என்கிறார்கள்.

அடுக்கு வரிசையிலும் விஷயம் இருக்கிறது. அதிகம் சூடாவது மேலே, குறைவாகச் சூடாவது கீழே. ரிசீவர் கீழே, அதன் மேல் டிஸ்க் பிளேயர், அதன் மேல் செட்டாப் பாக்ஸ் என்றுதான் கனத்தைப் பார்த்துப் பெரும்பாலானோர் அடுக்குவார்கள். கீழே இருப்பவர் விடும் அனலை மேலே இருப்பவர்கள் குடிக்க வேண்டியதுதான்.

ஃபேன் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் வழி வெட்டிய பிறகு. மூடிய பெட்டிக்குள் ஃபேன் வைத்தால் அதே சூடான காற்றைச் சுற்றிச் சுற்றி அடிக்கும். அதோடு ஃபேன் மோட்டாரின் சில வாட்டும் சேரும்.

எவ்வளவு காற்று தேவை என்பதற்கும் சுலபமான கணக்கு உண்டு. கருவி எடுக்கும் வாட்டை 1.76-ஆல் பெருக்கி, அறையைவிட எத்தனை டிகிரி கூடினால் பரவாயில்லை என்று நினைக்கிறீர்களோ அதனால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் என்பது வந்துவிடும். 150 வாட், 10 டிகிரி என்றால் 26 கன அடி. 5 டிகிரிக்குள் வேண்டும் என்றால் 53. கம்ப்யூட்டரில் போடும் 120 மி.மீ. ஃபேன் ஒன்று தடையில்லாத இடத்தில் 50 கன அடி அளவுக்குத் தள்ளும். வலையும் ஒயரும் குறுக்கே இருந்தால் பாதிதான் கிடைக்கலாம். அப்படியும் 10 டிகிரி கணக்குக்குக் கிட்டத்தட்ட ஒரு ஃபேனே போதும் என்பது இதில் தெரியும். பெரிய ஃபேனை மெதுவாகச் சுற்றவிட வேண்டும். சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும், படத்தின் அமைதியான காட்சிகளில் 'ங்ஙீ' என்று அதுதான் கேட்கும். 12 வோல்ட் ஃபேனுக்கு 7 வோல்ட் கொடுத்தாலே பெரும்பாலும் சத்தம் அடங்கிவிடும், காற்றும் போதும்.

திசையில் ஏமாறுவது சுலபம். ஃபேன் மேல் மூலையில் இருந்து காற்றை வெளியே தள்ள வேண்டும். உள்ளே வரும் வழி கீழே, எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் காற்று குறுக்கு வழியில் வந்து, குறுக்கு வழியிலேயே போய்விடும். கருவியைத் தொடவே தொடாது. கன்சோலுக்கு உள்ளேயே ஃபேன் இருக்கும். அது பின்பக்கம் தள்ளினால் நம் ஃபேனும் அந்தத் திசையில்தான் இழுக்க வேண்டும். எதிரெதிராக வைத்து இரண்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சின்னவை, ஆனால் சூடானவை

டிவியின் பின்னால் ஹெச்டிஎம்ஐ ஓட்டையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைக் கவனியுங்கள். விரல் நீளப் பிளாஸ்டிக், உள்ளே ஒரு முழுச் செயலி, ஃபேன் கிடையாது. செருகியிருக்கும் இடமோ டிவியின் சூடான முதுகு, சுவரோடு ஒட்டிய இடுக்கு. பல ஸ்டிக்குகளோடு பெட்டியில் ஒரு சின்ன நீட்டிப்பு ஒயர் வரும். தேவையில்லை என்று பெட்டியிலேயே விட்டுவிடுகிறோம். அந்த ஒயரைப் போட்டு ஸ்டிக்கை டிவியின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டால், வைஃபையும் நன்றாகக் கிடைக்கும், சூடும் குறையும்.

செட்டாப் பாக்ஸ்கள் பல ரிமோட்டில் ஆஃப் செய்தாலும் உண்மையில் அணைவதில்லை. திரைக்குப் படம் அனுப்புவதை மட்டும் நிறுத்திக்கொள்ளும். காலையில் எழுந்ததும், டிவி போடும் முன், அதன் தலையில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இரவு முழுக்க ஓடியிருக்கிறது. அடுத்த நாள் காலை வரை தேவையில்லை என்றால் சுவிட்சிலேயே அணைத்துவிடலாம். ரெக்கார்டிங் வைத்திருந்தால் மட்டும் முடியாது.

அடாப்டர்களும் பவர் ஸ்ட்ரிப்பும் வழக்கமாக ஸ்டாண்டின் பின்னால் ஒயர்க் குவியலுக்குள் புதைந்து கிடக்கும். அவையும் சூடாகும். மூச்சு விட இடம் வேண்டும். பிளக் முனை பழுப்பேறியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ அது காற்றோட்டப் பிரச்சினை இல்லை, இணைப்பு லூஸ். அந்த ஸ்ட்ரிப்பை மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ரிசீவர் தொடர்ந்து அதிகம் சூடாகிறது, காற்றோட்டம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் ஸ்பீக்கரைப் பாருங்கள். ஸ்பீக்கரின் மின்தடையை ஓம் கணக்கில் சொல்வார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கென்று இருக்கும் ஆம்ப்பில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், அதே வால்யூமில் இரண்டு மடங்கு கரண்ட் ஓடும். ஒரே முனையில் இரண்டு ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் மாட்டினாலும் அப்படித்தான்.

டிவியும் ப்ரொஜெக்டரும்

டிவியைப் பொறுத்தவரை பெரிய விஷயம் வெளிச்சம். எல்இடி பின்விளக்கு உள்ள டிவிகளில் அடிக்கடி போவது அந்த விளக்குப் பட்டைகள்தான். வெளிச்சத்தை உச்சத்தில் வைத்தால் அவை வழியே ஓடும் கரண்ட்டும் உச்சம், சூடும் உச்சம். கடையில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்திருக்கும் 'விவிட்' மோடை வீட்டில் வந்து யாரும் மாற்றுவதில்லை. பின்விளக்கை 100-லிருந்து 60-70-க்கு இறக்கினால் இரண்டு நாளில் கண் பழகிவிடும். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் சூடும் கரண்ட்டும் சேர்ந்து அந்தக் கரிமப் பொருளையே மூப்படையச் செய்கின்றன. சில மாடல்களில் திரைக்குப் பின்னால் வெப்பத்தைப் பரப்பும் உலோகத் தகடு வைப்பது இதற்காகத்தான்.

சுவரில் குழி எடுத்து அதற்குள் டிவியைச் சரியாகப் பொருத்துவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். டிவிக்கு அதுவும் ஒரு மூடிய தட்டுதான். மேலே திறந்த இடம் விட்டே ஆக வேண்டும். ஜன்னலுக்கு எதிரே மாட்டி நேரடி வெயில் விழுந்தால் இன்னொரு விநோதம் நடக்கலாம்: எல்சிடியில் உள்ள திரவப் படிகம் ஒரு வெப்பநிலையைத் தாண்டினால் தன் ஒழுங்கை இழந்து சாதாரண திரவமாகிவிடும். திரையில் அந்த இடம் மட்டும் கறுத்துப்போகும். பெரும்பாலும் ஆறினால் சரியாகிவிடும்; ஆனால் அந்த அளவுக்குப் போன டிவியில் மற்ற பாகங்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

விளக்கு வைத்த ப்ரொஜெக்டர்கள் இந்தக் கூட்டத்திலேயே அதிகச் சூடானவை. அந்த உயர் அழுத்தப் பாதரச விளக்குக்குள், ஓடும்போது 200 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் இருக்கும். படம் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கக்கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அணைத்த பிறகும் ஓரிரு நிமிடம் ஃபேன் ஓடி விளக்கை ஆற்ற வேண்டும். ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டுவது மாதத்துக்கு ஒருமுறை வேலை. மலைப்பகுதியில் இருப்பவர்கள் மெனுவில் 'ஹை ஆல்டிட்யூட்' என்று ஒன்று இருப்பதைப் பார்த்திருக்கலாம். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அதே வேகத்தில் ஃபேன் சுற்றினால் சூட்டைக் குறைவாகத்தான் அள்ளிச்செல்லும். அந்த மோடு ஃபேனின் வேகத்தைக் கூட்டும். பல ப்ரொஜெக்டர்களில் 1,500 மீட்டருக்கு மேல் அதைப் போடச் சொல்வார்கள்.

தூசி

காற்று போகிற வழியெல்லாம் தூசியும் போகும். ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். அதில் முடியும் நூலும் சிக்கி, அதன் மேல் தூசி ஒட்டி, கம்பளி மாதிரி ஒரு படலம் உருவாகும். கன்சோல் ஃபேன் முன்பைவிட அதிகம் அலறுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். தூசி படக்கூடாது என்று துணி போர்த்துகிறவர்கள், ஆன் செய்யும் முன் அதை எடுக்க மறக்கும் ஒரு நாளில் தூசி செய்யாத கெடுதலைத் துணி செய்துவிடும்.

சுத்தம் செய்யும்போது முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். வெளித்துளைகளுக்கு மெல்லிய பிரஷ்ஷும், பிரஷ் முனை மாட்டிய வேக்குவம் கிளீனரும் போதும். அழுத்தக் காற்று அடித்தால், ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். டப்பாவில் வரும் காற்று என்றால் நிமிர்த்திப் பிடித்தே அடிக்க வேண்டும், சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் பீய்ச்சிவிடும். மூடியைக் கழற்றி உள்ளே கை வைப்பது வேறு விஷயம். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைக் கழற்றிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கலாம். பழகாதவர்கள் அதில் இறங்க வேண்டாம். அப்புறம், ஐஸ் பையை மேலே வைக்கும் யோசனை யாருக்காவது வந்தால், காற்றில் இருக்கும் ஈரம் அங்கே நீராகப் படிந்து எங்கே சொட்டும் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

வெப்பத்தை அளக்கத் துப்பாக்கி மாதிரியான அகச்சிவப்பு தெர்மாமீட்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பளபளக்கும் உலோகத்தில் அது குறைவாகக் காட்டும், சுடுகிற ஹீட் சிங்க்கைக் குளிர்ந்தது என்று சொல்லும். அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, டேப்பை அளந்தால் சரியாக வரும். ஸ்டாண்டுக்குள் இருக்கும் காற்றை அளக்க ஒயர் முனை உள்ள சாதாரண தெர்மாமீட்டரே மேல்.

என் ஸ்டாண்டில் கடைசியில் செய்தது இவ்வளவுதான். ஹார்ட்போர்டில் மேலும் கீழும் இரண்டு திறப்பு வெட்டினேன். ரிசீவரை மேல் தட்டுக்கு மாற்றி, அதன் தலையில் இருந்த செட்டாப் பாக்ஸைக் கீழே இறக்கினேன். ஸ்டாண்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்தேன். அன்று இரவும் அறை 31. அதே படத்தை, கதவை மூடியே, முழுசாக ஓட்டிவிட்டுப் பார்த்தால் தெர்மாமீட்டரில் 40. இந்த வேலைக்கென்று முன்கூட்டியே வாங்கி வைத்த 120 மி.மீ. ஃபேன், பெட்டி பிரிக்காமல் இன்னும் அலமாரியில் இருக்கிறது.